காணாமல் போன நட்சத்திரமும் கோமதி அக்காவின் தையலும்

ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் முதலில் என்ன வாங்குவார்களோ தெரியாது. நான் ஒரு பூட்டு வாங்கினேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த இரும்புக் கடையில் பூட்டோடு மூன்று சாவி கொடுத்தார்கள். "மூணுதானா? நாலாவது சாவி யார்ட்ட இருக்கு?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணாச்சி, அவ்வளவு சந்தேகம்னா சாமானையும் இங்கனயே வச்சுட்டுப் போங்க, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். அவர் சிரித்த விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் பூட்டை வாங்கிக்கொண்டேன்.

பூட்டு ஒரு மரப்பெட்டிக்கு. பெட்டிக்குள் இருந்தது ஒரே ஒரு மஞ்சள் கண்ணாடி, பள்ளிக்கூடச் சிலேட்டில் பாதி அளவு. அது ஃபில்டர். தொலைநோக்கியில் நட்சத்திரங்களைப் படம் எடுக்கும்போது, மருந்து பூசிய தட்டுக்கு முன்னால் இதை வைப்போம். அது எண்பதுகளின் நடுப்பகுதி. எலக்ட்ரானிக் கேமரா பற்றிப் பெரிய இடங்களில் பேச்சு வந்துவிட்டது. எங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் கண்ணாடித் தட்டும் இருட்டறையும்தான்.

நான் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தேன். தனுசு ராசிப் பக்கம் உள்ள ஒரு குள்ளக் கேலக்ஸிதான் என் பாடம். நம் பால்வீதிக்கு அக்கம்பக்கத்தில் இப்படிச் சில உண்டு. பெரிய கேலக்ஸிகளுக்கு இருக்கிற சுருள், மையம், ஒழுங்கு எதுவும் இதற்குக் கிடையாது. தரையில் கொட்டிய பொரி மாதிரி நட்சத்திரங்கள் தாறுமாறாகக் கிடக்கும். பக்கம் என்று சொல்வதும் ஒரு பேச்சுக்குத்தான். அங்கிருந்து ஒளி இங்கே வந்து சேரப் பதினாறு லட்சம் வருடம் ஆகும். ஆனாலும் நட்சத்திரங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடிகிற தூரம். ஒவ்வொன்றின் பிரகாசத்தையும் அளந்து, எது கூடுகிறது, எது குறைகிறது என்று கண்காணிக்க வேண்டும். சந்தேகப் பிராணிக்கென்றே செய்த வேலை என்று என் கூடப் படித்தவர்கள் சொல்வார்கள்.

முந்தைய வருடக் கோடையில், வேலூருக்கு அந்தப்பக்கம் ஒரு மலைமேல் இருக்கும் தொலைநோக்கியில், மேகங்களுக்கு நடுவே எனக்கு ஒரே ஒரு நல்ல தட்டு கிடைத்தது. அதில் ஒரு நட்சத்திரத்தைக் காணவில்லை. பழைய தட்டுகள் எல்லாவற்றிலும் அது கறுப்புப் புள்ளியாகப் பளிச்சென்று இருந்தது (தட்டில் எல்லாம் தலைகீழ், வெளிச்சம் கறுப்பாக விழும்). என் தட்டில் அது இருந்த இடத்தைத் தேட வேண்டியதாக இருந்தது. அவ்வளவு பெரிய நட்சத்திரம் மங்கிப்போனால் அது சின்ன விஷயம் இல்லை. என் ஆராய்ச்சியில் சொல்லிக்கொள்கிறபடி இருந்ததே அது ஒன்றுதான்.

என் கைடு தட்டைப் பார்த்துவிட்டு, "தூசி" என்றார்.

"தூசி இல்லை சார்."

"எல்லாருமே அப்படித்தான்யா சொல்றாங்க. இன்னொரு தட்டு எடுத்துட்டு வா. இல்லேன்னா தீசிஸ்ல அந்த அத்தியாயத்தையே கிழிச்சிரு."

கிழித்தால் மிஞ்சுவது அட்டைதான். எனக்கு முப்பத்தெட்டு வயது. உதவித்தொகையைக் கடைசித் தடவை என்று சொல்லி நீட்டியிருந்தார்கள். நம் மலையிலோ ஆடி ஆவணியில் மேகம் விலகாது. யார் யாருக்கோ எழுதி, ஆஸ்திரேலியாவில் ஒரு மலையில் மூன்று இரவு கிடைத்தது. அதே ஃபில்டரில் எடுத்தால்தான் போன வருடத் தட்டோடு ஒப்பிட முடியும். ஆகவே பெட்டி, ஆகவே பூட்டு.

புறப்படும் முன் சங்கரன்கோவிலில் கோமதி அக்கா வீட்டில் தங்கினேன். எனக்கு இருக்கிற ஒரே உறவு அவள். அத்தானுக்குக் குருவிகுளம் யூனியன் ஆபீசில் வேலை. அக்கா வீட்டில் ஜாக்கெட் தைப்பாள். தெருவில் பாதிப் பேருடைய கை அளவு அவளுக்கு மனப்பாடம். ஃபில்டரை வைக்கிற மஞ்சள் ஃபிளானல் பை அவள் தைத்ததுதான். அது வாய்ப்பக்கம் கிழிந்திருந்தது. புதிதாக ஒன்று தைத்துத் தரச் சொல்லி, அளவுக்காகப் பழைய பையைக் கொடுத்தேன்.

"கண்ணாடியக் குடு, வச்சுப் பாத்துத் தைக்கேன்" என்றாள்.

"வேண்டாம். பை போதும்."

"கண்ணாடிய நான் தின்னுருவேனோ?" என்று மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

அது ஆடித்தபசு முடிந்த வாரம். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கமிருந்து வந்த, வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் அம்மன் சப்பரத்தின் மேல் எறிந்த பருத்தியும் மிளகாய் வத்தலும் ரத வீதியில் இன்னும் அங்கங்கே கிடந்தன. அக்கா கோவிலிலிருந்து புற்றுமண் வாங்கி வந்திருந்தாள். எங்கள் ஊர்க் கோவிலுக்குப் போகிறவர்கள் திருநீறு மாதிரி அதையும் வாங்கி வருவார்கள். நெற்றியில் இடுவார்கள், புண்ணில் பூசுவார்கள், தண்ணீரில் கரைத்துக் குடிப்பவர்களும் உண்டு. ஒரு பொட்டலத்தை என்னிடம் நீட்டினாள்.

"ஏலே, இதப் பெட்டிக்குள்ள போட்டுக்கோ."

"முடியாதுக்கா. அந்த ஊர்ல வெளிமண்ணு ஒரு பொடி வந்தாலும் பிடிச்சிருவான். பூச்சி வரும், பயிர்நோய் வரும்னு பயம்."

"பூச்சி போறதுக்குத்தானல நாம இதப் பூசுதோம்?"

"அத நீ வந்து அவன்கிட்டச் சொல்லு."

"நீ யாரத்தான் நம்புத?" என்று கேட்டுவிட்டு, பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். சண்டை போடாமல் போனது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் தூங்கும்வரை காத்திருந்து சூட்கேஸைக் கவிழ்த்தேன். காலுறைச் சுருளுக்குள் இருந்தது பொட்டலம். எடுத்து அவளுடைய அடுக்களை மாடத்தில் வைத்தேன். காலையில் அவள் அதைப் பார்த்தாள், பார்க்காதது போல அடுப்பைப் பற்றவைத்தாள். நானும் பார்க்காதது போலப் பல் தேய்க்கப் போனேன். அக்கா தம்பி இரண்டு பேருக்கும் புத்தி ஒன்றுதான் என்று அத்தான் சொன்னார்.

திருநெல்வேலி பஸ்ஸில் புளியங்குடி எலுமிச்சை மூட்டைகளுக்கு நடுவே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விமானத்திலும் மடியிலேயே வைத்துக்கொள்ளப் பார்த்தேன். விமானப் பணிப்பெண் காலடியில் தள்ளச் சொன்னாள். பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு தடவை பெட்டியைப் பார்த்தார். மூன்றாவது தடவை பார்த்தபோது கால்களை அதன்மேல் வைத்துக்கொண்டேன்.

சிட்னியில் இறங்கியதும், மண், விதை, செடி, இறைச்சி ஏதாவது உண்டா என்று ஒரு படிவத்தில் கேட்டிருந்தார்கள். இல்லை, இல்லை, இல்லை என்று நிம்மதியாகக் கோடு போட்டுக் கையெழுத்திட்டேன். அதிகாரி எலுமிச்சை ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு, "இதில் உயிரோடு எதுவும் இருக்க வழியில்லை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். மரப்பெட்டியைத் திறந்து காட்டினேன். புதிய நீலப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நல்ல தையல் என்றார். புகழ்ந்தது எதற்கு என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

மலைக்குப் போகிற பஸ்ஸில் டிரைவர் பெட்டியைக் கீழே சாமான் அறையில் போடச் சொன்னார். மாட்டேன் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, மெதுவான குரலில், "யாருடைய சாம்பல்?" என்று கேட்டார். அந்த ஊரில் இப்படி மடியில் பெட்டியோடு பயணம் செய்கிறவர்கள் செத்தவர் சாம்பலைக் கரைக்கத்தான் போவார்கள் போலிருக்கிறது. நான் பெட்டியை இறுக்கி அணைத்துக்கொண்டதை அவர் துக்கம் என்று எடுத்துக்கொண்டார். வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது எனக்கு மட்டும் காசு வாங்கவில்லை. பாதி வழியில் பஸ் ஒரு கங்காருவை இடித்து முகப்பு விளக்கு உடைந்தது. எல்லாரும் இறங்கி விளக்கைப் பார்த்தார்கள். நான் பெட்டியோடு இறங்கி, பெட்டியைப் பார்த்துவிட்டு ஏறினேன். டிரைவர் என் தோளைத் தட்டி, "அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்றார்.

மலைமேல் எனக்குக் கொடுத்த அறைக்குப் பூட்டே இல்லை. தாழ்ப்பாள்கூட இல்லை. கேட்டதற்கு, இங்கே எதுவும் திருட்டுப் போனதில்லை என்றார்கள். திருட்டுப் போனதில்லையா, போனது தெரியவில்லையா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அது நமக்குத்தான் தோன்றும். கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்தேன்.

சாப்பாடு சூரியன் மறைவதற்கு முன்பே வந்துவிட்டது. தட்டில் ஆட்டுக்கறி, உள்ளங்கை அளவு. பக்கத்தில் அவித்த பூசணிக்காய். ஊரில் கறிக்கடைக்குப் போனால் நான் கடைக்காரர் கையையும் தராசையும் விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். இங்கே யாரோ எங்கேயோ அறுத்தது. "ஆடுதானே?" என்று சமையற்காரரிடம் கேட்டேன். "நேற்றுவரை அது அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது" என்றார். மேஜையில் எல்லாரும் சிரித்தார்கள். அன்று பூசணிக்காயோடு ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டு முடித்தேன்.

என்னைக் கவனித்துக்கொள்ள நியமித்திருந்தவர் ஹெலன். ஐம்பது வயதிருக்கும், அவரும் நட்சத்திர ஆராய்ச்சிக்காரர். பென்சிலைக் கடித்துக்கொண்டே பேசுவார். வந்த அன்றே, "உங்கள் நட்சத்திரம் சரியாக எந்த இடத்தில்?" என்று கேட்டார். மழுப்பினேன். மறுநாள் டீ குடிக்கும்போது மறுபடியும் கேட்டார். இந்தத் தொழிலில் பொருளைத் திருட வேண்டியதில்லை, இடத்தைத் தெரிந்துகொண்டால் போதும். முதலில் எழுதி அனுப்புகிறவன் பெயர் நிற்கும். வடகிழக்கு ஓரம் என்று சும்மா சொல்லிவைத்தேன். உண்மையில் அது தென்மேற்கு.

முதல் இரவு வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. ஆகஸ்டு அங்கே குளிர்காலம். தொலைநோக்கி விலகாமல் அந்தக் கேலக்ஸியையே பிடித்துக்கொண்டிருக்க, ஒரு மணி நேரத்துக்கு மேல் கண்ணைக் குழாயில் ஒட்டிக்கொண்டு விரலால் பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தேன். கால் மரத்துப்போயிற்று. இருட்டறையில் தட்டைக் கழுவி, காயவைக்கும் தாங்கியில் நிறுத்திவிட்டு, ஈரத்தோடே ஒரு தடவை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். தென்மேற்கு மூலையில் என் நட்சத்திரம் இல்லை. கூச்சல் போட வேண்டும் போல இருந்தது. அறைக்குப் போய், நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுச் சந்தோஷமாகத் தூங்கினேன்.

எழுந்து போய்ப் பார்த்தால் தாங்கியில் தட்டைக் காணவில்லை.

அடுத்த அறையில் ஹெலன் வெளிச்ச மேஜைமேல் என் தட்டையும் அவர்களுடைய பழைய தட்டு ஒன்றையும் போட்டு, பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்தார். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "என்னைக் கேட்காமல் என் தட்டைத் தொட உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?" என்றேன். என் ஆங்கிலம் கோபத்தில்தான் நன்றாக வரும்.

அவர் நிமிரவே இல்லை. "வடகிழக்கு ஓரத்தில் நீங்கள் சொன்ன நட்சத்திரம் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். "ஆனால் தென்மேற்கில் ஒன்றைக் காணவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றையும். இதோ, இங்கே மூன்றைக் காணவில்லை. நேற்று இரவு இந்தக் கேலக்ஸியில் ஏதாவது கலவரமா?"

பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். தட்டு முழுக்கப் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். வெளிச்சம் விழாத இடங்கள். தட்டின் முன்னால் எதுவோ ஒட்டிக்கொண்டு ஒளியை மறைத்திருக்கிறது.

"ஃபில்டரைக் கொண்டுவாருங்கள்" என்றார் ஹெலன்.

மஞ்சள் கண்ணாடியைச் சாய்வாகப் பிடித்தபோது அதன்மேல் செம்மண் நிறத்தில் ஏதோ மாவு போலப் படிந்திருந்தது. ஹெலன் நீலப் பையை வாங்கி ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் உதறினார். காகிதம் சிவந்தது. பையின் அடித் தையலை விரலால் நெருடினார். உள்ளே ஏதோ நறநறவென்றது. சின்னக் கத்தரியால் ஒரு தையலை வெட்டியதும் மண் கொட்டியது. முகர்ந்து பார்க்கவே வேண்டாம், எனக்குத் தெரிந்துவிட்டது. சூட்கேஸைக் கவிழ்த்துத் தேடிய நான் பையின் மடிப்பைத் தேடவில்லை. காலுறைக்குள் இருந்த பொட்டலம் நான் கண்டுபிடிப்பதற்காகவே வைத்தது.

"இது என்ன?"

"எங்கள் ஊர் மண்" என்றேன். சொன்ன பிறகுதான் விமான நிலையத்தில் கோடு போட்ட இடம் ஞாபகம் வந்தது. பிடித்துக் கொடுத்தால் தொலைந்தேன்.

ஹெலன் பென்சிலைக் கடித்தார். "இதில் கறையான் முட்டை இருக்குமா?"

"புற்று மண்தான். ஆனால் முட்டை இருக்காது. எங்கள் ஊரில் இதைச் சாப்பிடுவார்கள்."

அவர் மண்ணையும் பையையும் ஒரு உறையில் போட்டு ஒட்டி, கீழே கொதிகலன் அறைக்கு எடுத்துப்போய் எரித்துவிட்டு வந்தார். "யார் வைத்தது?" என்று கேட்டார். அக்கா என்றேன். "பத்திரமாகத் திரும்பி வரவா?" என்றார். ஆமாம் என்றேன். அதற்குமேல் அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று ஊர் திரும்பும்வரை சந்தேகப்பட்டேன்.

இரண்டாம் இரவு மேகம். மூன்றாம் இரவு திறந்தது. ஃபில்டரை ஹெலனும் நானும் மாற்றி மாற்றித் துடைத்திருந்தோம். விடிந்ததும் அவர் தட்டைத் தொடாமல் எனக்காகக் காத்திருந்தார். வெளிச்ச மேஜைமேல் போட்டேன். மாவு தூவியது போன்ற அந்த வெள்ளைப் புள்ளிகள் இல்லை. தென்மேற்கில் என் நட்சத்திரம், பழைய தட்டுகளில் இருந்த அதே பிரகாசத்தோடு, கறுப்பாக உட்கார்ந்திருந்தது. முதல் இரவுத் தட்டில் மறைந்திருந்த மற்ற நட்சத்திரங்களும் திரும்பி வந்திருந்தன.

எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

ஹெலன் என் பின்னாலிருந்து பேசினார். "இரண்டில் ஒன்று. போன வருடம் அது நிஜமாகவே மங்கி, இப்போது பழையபடி ஆகியிருக்கிறது. அப்படியானால் எழுதி அனுப்புங்கள், நானும் தொடர்ந்து பார்க்கிறேன். இல்லையென்றால், போன வருடமும் உங்கள் பைக்குள் மண் இருந்திருக்கிறது."

"போன வருடத் தட்டிலும் இரண்டொரு வெள்ளைப் புள்ளி உண்டு."

"எல்லாத் தட்டிலும் இரண்டொன்று உண்டு. அதை வைத்துச் சொல்ல முடியாது. தட்டைக் கழுவும்போது மண் போய்விட்டிருக்கும், நிழல்தான் மிஞ்சும். உங்கள் அக்காவைக் கேளுங்கள்."

அக்கா வீட்டில் போன் கிடையாது. எதிர்வீட்டுக்கு டிரங்க்கால் போட்டால், நான் கத்துவதும் அவள் கத்துவதும் தெருவுக்கே கேட்கும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. நான் கோபமாகக் கேட்டால், என்னைச் சமாதானப்படுத்த, இந்தத் தடவை மட்டும்தான் வைத்தேன் என்பாள். அன்பாகக் கேட்டால், எப்போதுமே வைப்பேன் தம்பி என்பாள். பதினாறு லட்சம் வருடம் நடந்து வந்த ஒளிக்கு என்ன ஆனது என்பதை ஜாக்கெட் தைக்கிற என் அக்கா எந்த மனநிலையில் இருக்கிறாள் என்பது தீர்மானிக்கப் போகிறது. திரும்பும் வழியெல்லாம் எந்தக் குரலில் கேட்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் அதே டிரைவர். இப்போது பெட்டியைச் சாமான் அறையில் போடக் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி, "நல்லபடியாகக் கரைத்தாயிற்றா?" என்றார். ஆயிற்று என்றேன்.

சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம். அக்கா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். வா என்றாள், தண்ணீர் கொடுத்தாள், இளைச்சுப்போயிட்டே என்றாள். நான் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, ஒன்றுமில்லாததைக் கேட்பது போலக் கேட்டேன்.

"பையில மண்ணு வச்சுத் தச்சியே, எப்பவும் வைப்பியோ?"

மெஷின் நின்றது. அவள் என் முகத்தைப் படித்தாள். எனக்கு அவள் முகம் தெரியவில்லை. வெளிச்சம் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"நீ என்ன பதில் கேக்கணும்னு வந்திருக்கே? அதச் சொல்லு, நான் சொல்லுதேன்."

"உள்ளதச் சொல்லுக்கா. என் பொழப்பே அதுலதான் இருக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். நட்சத்திரம், தூசி, எரித்த பை, கைடு சொன்ன வார்த்தை. கேலக்ஸி அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, என் பிழைப்பு புரிந்தது. மெஷினிலிருந்து கையை எடுத்தாள். "ஐயோ, நானாலே கெடுத்தேன்?" என்றாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"போன வருசம் வைக்கலடா. போன வருசம் நீ எங்கன போன? வேலூர்ப் பக்கம் மலைக்கு. சாயங்காலம் பஸ் ஏறுனா விடிஞ்சா வந்துரலாம். அதுக்கு எதுக்கு மண்ணு? கடல் தாண்டிப் போறியேன்னுதான் இந்தத் தடவ வச்சேன். அம்மன் சத்தியமா."

அவள் பொய்ச் சத்தியம் செய்கிறவள் இல்லை. எனக்கு அது தெரியும். அவள் சொன்னதில் நியாயமும் இருந்தது. எங்கள் ஊரில் யாரும் பக்கத்து ஜில்லாவுக்குப் புற்றுமண் கட்டிக்கொண்டு போவதில்லை. அதோடு விட்டுவிட்டு நான் எழுந்திருக்க வேண்டும். என் கண் மெஷின்மேல் போயிற்று. நான் அளவுக்குக் கொடுத்த பழைய மஞ்சள் பை அங்கேதான் இருந்தது. பஞ்சு அடைத்து, ஊசி குத்திவைக்கிற மெத்தையாக ஆக்கியிருந்தாள்.

"அது போன வருசப் பைதானே?"

"ஆமா."

"துவைச்சியா?"

"துவைக்கல."

நான் கையை நீட்டினேன். அக்கா ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி டப்பாவில் போட்டாள். பையை என் கையில் வைத்து, மேலே கத்தரியையும் வைத்தாள்.

அடித் தையலை வெட்டினேன். மடிப்பைப் பிரித்தேன். சட்டைப் பையிலிருந்து, தட்டுகளைப் பார்க்கிற என் பூதக்கண்ணாடியை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் அவளுடைய தையலை ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தேன். வாய்ப்பக்கம், இரண்டு ஓரம், நான்கு மூலை. மஞ்சள் நூல், ஃபிளானல் பிசிறு, பஞ்சு. ஒரு பொடி மண் இல்லை, சிவப்புக் கறை இல்லை. நட்சத்திரம் நிஜமாகவே மங்கியிருக்கிறது.

"அக்கா!" என்று கத்திவிட்டேன். "ஒண்ணுமில்லக்கா! சுத்தமா இருக்கு!"

"அதத்தான நான் சொன்னேன்" என்றாள்.

குனிந்து, நான் வெட்டிப்போட்ட நூலையும் பஞ்சையும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வேகமாகச் செய்யவில்லை. அதற்குமேல் அன்று முழுக்க நட்சத்திரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன்.

கைடு நம்பினார், பையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினேன். கட்டுரை வந்தது, தீசிஸ் முடிந்தது. ஹெலன் சொன்னபடி தொடர்ந்து பார்த்து, இரண்டு வருடம் கழித்து அந்த நட்சத்திரம் மறுபடி மங்குகிறது என்று எழுதினார். என் பெயரை முதலில் போட்டிருந்தார். மறுபடியும் அந்த மலைக்குப் போக அழைப்பு வந்தது.

ஃபில்டருக்குப் பை வேண்டும். அக்காவிடம் கேட்க நாக்கு எழவில்லை. பெங்களூரிலேயே தைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளே ஒன்று தைத்துவைத்திருந்தாள், பச்சை ஃபிளானலில். அளவு ஒரு நூல் பிசகவில்லை. புற்றுமண் பற்றிப் பேச்சே இல்லை.

பையை என் கையில் கொடுத்தாள். உள்பக்கம் வெளியே இருந்தது. எல்லாத் தையலும், எல்லா மடிப்பும் மேலே தெரிந்தன. அடி மடிப்பை மட்டும் தைக்காமல் விட்டிருந்தாள்.

"பாத்துக்கோ" என்றாள். "பாத்து முடிச்சுட்டுக் குடு, மடிச்சுத் தச்சுத் தாரேன்."